பெறுநர்: உயர்திரு அப்பா அவர்கள்

அரசு அலுவலகத்துக்கு எதிரே, ஜெராக்ஸ் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவில் ஒரு அறை. இரண்டு பேர் உள்ளே நின்றால் மூன்றாவது ஆள் வயிற்றை எக்கிக்கொண்டுதான் நுழைய வேண்டும். ஒரு மேஜை, ஒரு கணினி, ஒரு பிரிண்டர், வருகிறவர்களுக்கு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். அங்கே உட்கார்ந்து இருபத்தாறு வருடமாக ஊராருக்கு மனு எழுதிக் கொடுக்கிறவரை எல்லோரும் ‘தாழ்மை சார்’ என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த மனுவானாலும் “மிகவும் தாழ்மையுடன் சமர்ப்பித்துக்கொள்வது யாதெனில்” என்று தொடங்குவதால் வந்த பேர். ஆள் என்னவோ அப்படியொன்றும் தாழ்மையானவர் இல்லை. தேதி இடம் மாறியிருந்தால்கூட காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி அடிப்பார். தான் எழுதிய மனு எதுவும் குறை சொல்லித் திரும்பி வந்ததில்லை என்று அவருக்கு ஏகப்பட்ட பெருமை.

மனுஷன் கடவுளிடமும் மனுதான் போட்டுக்கொண்டிருந்தார் என்பதுதான் வேடிக்கை.

காலையில் குளித்து, சட்டைப் பித்தானைக் கழுத்துவரை மாட்டிக்கொண்டு, கூடத்தில் விறைப்பாக நின்று ஜெபிப்பார். “மகா பரிசுத்தமும் மகத்துவமும் பொருந்திய ஆண்டவரின் சமூகத்திற்கு, அடியேன் தாழ்மையுடன் விண்ணப்பிப்பது...” அப்புறம் கோரிக்கை. அதற்கு ஆதரவாக மூன்று காரணங்கள். பதில் வரவில்லையா, அடுத்த வாரம் நினைவூட்டல்: “கடந்த பன்னிரண்டாம் தேதி செய்த விண்ணப்பத்தின் தொடர்ச்சியாக...”

அதே நேரத்தில் சமையலறையிலிருந்து அவர் மனைவியின் ஜெபம் கேட்கும். “அப்பா, முழங்கால் இன்னைக்கும் குத்துதுப்பா. எதிர்வீட்டுப் பொண்ணுக்கு நல்லபடியா பிரசவம் ஆகட்டும். ஐயோ, பால் பொங்குது, இருங்க வந்துடுறேன்.”

அவருக்குச் சுருக்கென்று கோபம் வரும். “கடவுள்கிட்டயே ‘இருங்க வந்துடுறேன்’னு சொல்ற ஆளு உலகத்துலயே நீ ஒருத்திதான்டி.”

“ஏன், அவரு எங்க போயிடப் போறாரு?” என்பாள் அந்த அம்மாள், அடுப்பைத் தணித்தபடி.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. அவருடைய அப்பா நேருக்கு நேர் நின்று பேசக்கூடிய ஆள் இல்லை. பள்ளிக்கூடச் சுற்றுலாவோ புதுச் செருப்போ, எதுவானாலும் அம்மாவிடம் சொல்லி, அம்மா நல்ல நேரம் பார்த்துச் சொல்லி, கடைசியில் இவர் கதவு ஓரம் நிற்கும்போது உள்ளேயிருந்து ஒரு குரல் வரும்: “சுருக்கமா சொல்லு.” அந்தக் கதவு ஓரத்தில்தான் அவர் மனு எழுதவே கற்றுக்கொண்டார் என்று வைத்துக்கொள்ளலாம். ஞாயிறு ஆராதனையில் எல்லோரோடும் சேர்ந்து அவரும் கடவுளைப் பிதா என்று கூப்பிடத்தான் செய்வார். ஆனால் பிதா என்பது அவர் காதுக்கு ஒரு பதவியின் பேராகத்தான் கேட்டது.

அவருக்கு ஒரே மகள். உயிரையே வைத்திருந்தார். அவள் வெளியூரில் நர்சிங் படிக்கக் கிளம்பிய அன்று அவளுடைய சீருடை ஆறையும் அவரே இஸ்திரி போட்டார். ஆனால் அவள் போனில் “அப்பா...” என்று இழுத்தால், “என்ன விஷயம்? சுருக்கமா சொல்லு” என்பார். அது யாருடைய குரல் என்று அவருக்கு உறைத்ததே இல்லை. அவள் “ஒண்ணுமில்லப்பா, அம்மாகிட்ட குடுங்க” என்பாள். இவர் கொடுத்துவிடுவார். அவள் நல்லபடியாகப் படித்து முடிக்க வேண்டும் என்று கடவுளுக்கு மட்டும் நாலு நினைவூட்டல் போயிருந்தது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, கடைப்பக்கமே எட்டிப் பார்க்காத மனைவி அறை வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு உறை.

“இத படிங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்.”

ஸ்டூலில் மின் இணைப்புக்கு மனு எழுத வந்த தையல்காரர் உட்கார்ந்திருந்தார். “ஒரு நிமிஷம்” என்று அவரிடம் சொல்லிவிட்டு, உறையைப் பிரித்தார்.

தொழில் புத்தி போகுமா? முதலில் அமைப்பைத்தான் பார்த்தார். அனுப்புநர், பெறுநர், பொருள், தேதி, எல்லாம் அந்தந்த இடத்தில். இடது பக்கம் சரியான இடைவெளி. பிழை ஒன்றுகூட இல்லை. யாரோ விவரமானவர் அடித்தது என்று நினைத்தார். அப்புறம்தான் எழுத்துகள் கண்ணுக்குள் இறங்கின.

அனுப்புநர்: தங்கள் மகள்.
பெறுநர்: உயர்திரு அப்பா அவர்கள்.
பொருள்: வீட்டுக்கு வந்துபோக அனுமதி வேண்டுதல் தொடர்பாக.

மிகவும் தாழ்மையுடன் சமர்ப்பித்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி வார்டில் ரத்தத்தைப் பார்த்து மூன்று முறை மயங்கி விழுந்தது. படிப்பை விட்டு இரண்டு மாதம் ஆகிவிட்டது. இப்போது சித்தி வீட்டில் தங்கி, ஒரு பேக்கரியில் பில் போடுகிறாள். சொல்லப் பயந்து சொல்லவில்லை. அம்மாவுக்கே போன வாரம்தான் தெரியும், அம்மாவைத் திட்ட வேண்டாம். “மேற்கண்ட காரணங்களைக் கருணையுடன் பரிசீலித்து, ஞாயிற்றுக்கிழமை மட்டுமாவது வீட்டுக்கு வந்துபோக அனுமதி அளிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.” இணைப்பு: கல்லூரி முதல்வரின் கடித நகல்.

ஞாயிற்றுக்கிழமை மட்டுமாவது. அந்த இடத்துக்கு மேல் அவரால் படிக்க முடியவில்லை. இத்தனை வருடத்தில் எத்தனையோ பேருடைய கண்ணீரை அந்த மேஜையில் வைத்து வாக்கியமாக்கிக் கொடுத்தவர், தையல்காரர் பார்க்கப் பார்க்க, குலுங்கி அழுதார்.

“என் வீட்டுக்கு வர என் புள்ளைக்கு அனுமதியா? எவன்டி அவளுக்கு இப்படி எழுதச் சொல்லிக் குடுத்தான்?”

மனைவி சொன்னபடியே வாயைத் திறக்கவில்லை. பிரிண்டரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், அவ்வளவுதான்.

தையல்காரர் எழுந்தார். “நான் நாளைக்கு வர்றேன் சார். மொதல்ல புள்ளையப் பாருங்க.”

கொழுந்தியாள் ஊருக்குப் போகிற பேருந்தில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. வழக்கம்போல “மகா பரிசுத்தமும் மகத்துவமும்...” என்று மனசுக்குள் தொடங்கினார். மேலே போகவில்லை. அந்த வாக்கியத்தை அந்தப் பக்கம் உட்கார்ந்து வாங்குகிறவருக்கு எப்படி இருக்கும் என்று அவருக்கு அன்றைக்குத்தான், ஒரு மணி நேரத்துக்கு முன்புதான் தெரிந்திருந்தது. வெட்கமாக இருந்தது. மடியில் உறை கிடந்தது. அதைத் தடவிக்கொண்டே, பக்கத்து ஆளுக்குக் கேட்காத குரலில் “அப்பா” என்றார். காரணம் ஒன்று, இரண்டு எதுவும் வரவில்லை. “அப்பா, எனக்குப் பயமா இருக்குப்பா. அவ என்னைப் பாத்து ஒளிஞ்சிக்கக் கூடாது” என்பது மட்டும் வந்தது. சொன்னதும், கூடவே யாரோ வருவதுபோல மனசு கொஞ்சம் நிலைக்கு வந்தது.

கொழுந்தியாள்தான் கதவைத் திறந்தாள். மகள் உள்ளே, அறைக் கதவின் ஓரம் நின்றாள், ஒரு கை நிலையைப் பிடித்தபடி. அந்த நிற்பை அவருக்கு நன்றாகத் தெரியும்.

“அப்பா, நான் சுருக்கமா சொல்லிடுறேன்...”

“வேணாம்மா.” உறையை நீட்டினார். “இந்த மனு செல்லாது.”

அவள் முகம் வெளுத்துப்போனது.

“நம்ம வீட்டுக்கு நீ வர்றதுக்கு அனுமதி குடுக்குற அதிகாரம் எனக்கு இல்ல. எந்த ஆபீஸ்லயும் எவனுக்கும் இல்ல. அது ஒன் வீடு. பைய எடு, பஸ்ஸுக்கு நேரமாச்சு.” தலையிலிருந்து கால்வரை அவளைப் பார்த்தார். “விழுந்தப்ப அடி ஏதும் படலியே பாப்பா?”

அவள் ஓடி வந்து அவர் சட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கழுத்துப் பித்தான் அறுந்து எங்கேயோ உருண்டது. ஒருவரும் அதைத் தேடவில்லை.

அன்று சாயங்காலம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். எப்போதும் நின்று ஜெபிக்கிறவர் உட்கார்ந்தபடியே கண்ணை மூடினார். “அப்பா, புள்ள வீட்டுக்கு வந்துட்டா. ரொம்ப சந்தோஷம்பா. ஆமென்.” இன்னும் கால் மணி நேரமாவது ஆகும் என்று குழம்பை மூடி வைத்திருந்த மனைவி, ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு அவசரமாக ஆமென் சொன்னாள்.

மகள் தட்டைக் காலி செய்தாள். பழக்கதோஷத்தில் அம்மா பக்கம் திரும்பினவள், நிறுத்திவிட்டு, தட்டை அவர் பக்கம் நீட்டினாள்.

“அப்பா, இன்னும் கொஞ்சம் சோறு.”

இரண்டு ஆள் சாப்பிடுகிற சோற்றை அள்ளி வைத்தார்.