நாயின் சரியான நிறம்

எங்கள் நாய் இறந்த மறுமாதம், அதன் படத்தை வரைந்து தருமாறு மாமல்லபுரத்தில் ஓர் ஓவியரிடம் கேட்டேன். என் மனைவி அதற்கு முந்தைய ஆண்டே காலமாகியிருந்தாள். அவளுடைய படம் கூடத்தில் இருந்தது. செங்கல்பட்டில் ஒரு ஸ்டூடியோவில் அவசரமாகச் செய்தது. அதில் அவளை வெளுப்பாக்கி, அவளிடம் இல்லாத ஒரு சங்கிலியையும் அணிவித்திருந்தார்கள். பார்த்தவர்கள் அழகாக இருப்பதாகச் சொன்னார்கள். அந்த அம்மாளுக்கு நான் நாள்தோறும் விளக்கேற்றி வந்தேன். நாயாவது நாயாகவே இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

ஓவியர் புகைப்படங்கள் கேட்டார். கைப்பேசியில் இருந்தவற்றையெல்லாம் அனுப்பினேன். கல்லூரியில் ஒளியியல் கற்பித்தவன் என்பதையும், அவர் கேட்காமலேயே, தெரிவித்திருந்தேன். மாலையில் அழைத்தார்.

“சார், எல்லாத்தையும் நின்னுகினே எடுத்துகீறீங்க. மூக்குதான் பெருசா கீது, காலக் காணோம். ஃபிளாஷ் போட்டதுல கண்ணு ரெண்டும் டார்ச் லைட்டு மாரி எரியுது. இத்த வரைஞ்சா கீழ நாயின்னு எழுதணும்.”

நாயின் கண் மட்டத்துக்கு இறங்கி, பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் இல்லாமல் எடுக்க வேண்டும் என்று விளக்கினார். இனி எடுப்பதற்கில்லை என்றேன். அப்படியானால் நான் உட்கார்ந்துகொண்டு எடுத்தது ஏதாவது இருக்கிறதா என்று தேடச் சொன்னார்.

இருந்தது. கோவளம் கடற்கரையில், முழங்கால் வலியால் நான் மணலில் உட்கார்ந்துவிட்ட ஒரு காலையில் எடுத்த மூன்று படங்கள். கலை நோக்கம் எதுவும் இல்லை. மூன்றிலும் நாய் என் கண்ணுக்கு நேராக இருந்தது. மூன்றிலும் அதன் கழுத்துப்பட்டையை என் மனைவியின் கை பிடித்திருந்தது. விட்டால் நண்டைத் துரத்திக்கொண்டு ஓடிவிடும். முழங்கைக்கு மேல் அவள் படத்தில் இல்லை.

ஆனால் முதல் படத்தில் நாய் செங்கல் நிறம், அடுத்ததில் காபித்தூள், கடைசியில் வெல்லம். எதை நம்புவது என்று ஓவியர் கேட்டார். கைப்பேசி வெளிச்சத்தைத் தன் விருப்பப்படி திருத்திக்கொள்ளும். உண்மை நிறம் நமக்கு உறுதியாகத் தெரிந்த பொருள் ஒன்று படத்துக்குள் இருந்தால், அதைக் கொண்டு மற்றதைத் தீர்மானிக்கலாம் என்று வகுப்பில் சொல்வதுபோலச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அப்படி ஒன்று இருப்பது புலப்பட்டது.

நாயின் நிறத்தை என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பழுப்பு என்றே சொல்லி வந்திருக்கிறேன். கையைப் பற்றி ஐயம் இல்லை. முதல் படத்தில் அது வேறு யாருடைய கையோ. மூன்றாவதில், ஸ்டூடியோவில் செய்ததுபோல வெளுத்த கை. நடுவில் இருந்தது அவளுடையது.

நடுப்படம் என்று தெரிவித்தேன்.

“கைய எடுத்துடலாமா சார்? எல்லாரும் எடுக்கத்தான் சொல்லுவாங்க.”

“எடுத்தால் அது ஓடிவிடும்.”

“படத்துல எங்க சார் ஓடும்?” என்றவர், உடனே குரலைத் தணித்து, “சரி சார். இருக்கட்டும்” என்றார்.

வெளுப்பாக்க வேண்டாம் என்றேன். நாயையா என்று கேட்டார். இரண்டையும் என்றேன்.

படம் வந்ததும் கூடத்தில், அவள் படத்துக்கு எதிர்ச் சுவரில் மாட்டினேன். சில நாட்களில் விளக்கையும் அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தேன். வீட்டுக்கு வருகிறவர்கள் நான் நாய்க்கு விளக்கேற்றுவதாக நினைக்கிறார்கள். நான் திருத்துவதில்லை.