மூன்றாம் மாதம் முடியும்வரை

எனக்கு ஒற்றைத் தலைவலி. வந்தால் வலது பொட்டில் உலக்கையால் இடிப்பது போலிருக்கும். வெளிச்சம் ஆகாது, பேச்சு ஆகாது, கடைசியில் வாந்தி. ஐம்பதுகளில் என் வீட்டுக்காரருக்கு மத்திகிரி கால்நடைப் பண்ணையில் வேலை. பக்கத்திலேயே வாடகைக்கு இருந்தோம். பெங்களூர் டாக்டர் ஒருவர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். மூளையைச் சுற்றியுள்ள ரத்தக் குழாய்கள் வீங்கித் துடிக்கின்றன, அந்தத் துடிப்பில் பக்கத்து நரம்புகள் வலியைக் கிளப்புகின்றன, மாத்திரை குழாய்களை இறுக்கும் என்றார். இறுக்கியது. கூடவே விரல்களும் சில்லிட்டு மரத்துப்போயின. தலை எது, விரல் எது என்று மாத்திரைக்குத் தெரியுமா என்ன!

ஏற்கெனவே எனக்கு ஒரு கரு கலைந்திருந்தது. மறுபடி நாள் தள்ளிப்போனதும் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: "இனிமே இதைத் தொடவே கூடாதும்மா. கர்ப்பப்பையையும் இறுக்கிடும்."

மூன்று மாதம் முடியாமல் வெளியே சொல்லக்கூடாதென்பது எங்கள் வழக்கம். கண் பட்டுவிடுமாம். ஓசூர் சந்தையில் துணி விற்பவரின் மனைவி, அடுத்த வீட்டு அக்கா, எனக்கு உயிர். அவரிடமும் சொல்லவில்லை.

ஒரு காலையில் வலி பிடித்துக்கொண்டது. வீட்டுக்காரர் பண்ணைக்குப் போயிருந்தார். சுருண்டு கிடந்த என்னை அக்கா தூக்கி உட்காரவைத்துக் காபி கொடுத்தார். குடித்து முடித்த பிறகு, "அலமாரில மாத்திரைய வெச்சிக்கினு ஏங்கண்ணு இப்டி சாவுற? காபில ரெண்ட கரைச்சிட்டேன்" என்றார்.

"ஐயோ அக்கா, என்ன பண்ணிட்டீங்க! நான் முழுகாம இருக்கேன்!"

"யா அல்லா! எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே!"

அவரைத் திட்ட வாய் வரவில்லை. அந்தப் பாழாய்ப்போன வழக்கத்தின் மேல்தான் ஆத்திரம். தொண்டைக்குள் விரலை விடுமுன்பே வாந்தி வந்தது, காலமெல்லாம் நான் கரித்துக்கொட்டிய அதே வாந்தி. அக்கா என் நெற்றியைத் தாங்கிக்கொண்டு, "வரட்டும், எல்லாம் வரட்டும்" என்று அழுதார்.

தலைவலி நேரத்தில் வயிறு சரியாக வேலை செய்யாது, மாத்திரை பெரும்பாலும் ரத்தத்தில் ஏறியிருக்காது என்று டாக்டர் பிறகு சொன்னார். பெரும்பாலும் என்றால் என்ன அர்த்தம்? மூன்றாம் மாதம் முடியும்வரை நான் பயந்து செத்தேன்.

அதற்குப் பிறகு அக்கா எனக்குத் தண்ணீர்கூடத் தன் கையால் தரவில்லை. "என் கை ஆவாது கண்ணு" என்பார்.

பெண் பிறந்தாள். குழந்தையின் நாக்கில் முதல் சொட்டுச் சர்க்கரைத் தண்ணீரை யார் வைக்கிறார்களோ, அவர்கள் குணம் வரும் என்பார்கள் எங்கள் பக்கம். மாமியார் கிண்ணத்தோடு வந்தார். நான் அதை வாங்கி அக்காவிடம் நீட்டினேன்.

"நீங்களே வைங்கக்கா."

அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். நான் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. வெகு நேரம் கழித்து விரலை நனைத்தார்.