கல்லென்று சொன்ன மணிக்கூடு

மல்கிரேவில் ஒரு களஞ்சியசாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் கொட்பிறிக்குப் பழைய அமெரிக்க மணிக்கூடுகள் என்றால் பைத்தியம். கணப்படுப்புக்கு மேலே வைக்கிற, தூணும் வளைவுமான மணிக்கூடுகள். ரோவில் என்ற புறநகரில் இருந்த அவருடைய வீட்டில் கணப்படுப்பே கிடையாது. மணிக்கூடுகளோ ஹோல் முழுக்க. தேவாலயத்தில் ஞாயிறு பூசை முடிந்ததும் மகன் கிறிஸ்ரியனை ஏற்றிக்கொண்டு பழஞ்சாமான் சந்தைக்குப் போய்விடுவார். பின்கதவைத் திறந்து, டோர்ச் அடித்து, இயந்திரத்தில் பொறித்த முத்திரையைத் தேடி, எந்தக் கம்பனி என்று இருவரும் போட்டி போட்டுச் சொல்வார்கள்.

கடைசியாக வாங்கியது பச்சை வரியோடிய ஒரு கறுப்பு மணிக்கூடு. கிறிஸ்ரியன்தான் கண்டெடுத்தான். காரிலேயே சண்டை தொடங்கிவிட்டது.

“அப்பா, இது மாபிள் இல்லை. மரத்துக்கு மேல செலுலொயிட் ஒட்டியிருக்கு, அந்தக் காலத்துப் பிலிம் செய்த சாமான். உரஞ்சிப்போட்டு மணந்து பாருங்கோ, கற்பூரம் மணக்கும்.”

“கற்பூரம் மணக்க இதென்ன பிள்ளையார் கோயிலே? பாரத்தைப் பார், கல்லேதான்!”

“வெயிட் உள்ளுக்கிருக்கிற இரும்பு. ப்ளீஸ் அப்பா, ஒருக்கா.”

அவர் மணந்து பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் “அசல் மாபிள்” என்றார். பின்னால் நின்று கிறிஸ்ரியன் மூக்கைத் தேய்த்துக் காட்டிச் சிரிப்பான்.

அந்தக் குளிர்காலத்திலேயே கார் விபத்தில் அவன் போய்விட்டான். மற்ற மணிக்கூடுகளைக் கொட்பிறி ஓடாமல் விட்டார். இதற்கு மட்டும் சாவி கொடுத்தார். இது ஓடும்வரை, அடுத்த அறையில் அவன் ஏதோ செய்துகொண்டிருப்பது போலிருந்தது.

ஆண்டு நினைவன்று, செபத்துக்கு ஆட்கள் வரமுன், மனைவி யசிந்தா மணிக்கூட்டின் தட்டையான தலையில் மெழுகைச் சொட்டவிட்டு, எரியும் மெழுகுதிரியை ஊன்றினாள். சேமக்காலையில் கல்லறைக் கல்லில் ஊன்றுவது போலத்தான். பிறகு ரோல்ஸ் பொரிக்கக் குசினிக்குப் போனாள்.

திரி சரிந்தது. மணிக்கூட்டின் கறுப்பு மேற்பூச்சு குப்பென்று பற்றியது. கொட்பிறி ஓடிவந்து ஈரத்துவாயால் மூடியபோது மணிக்கூட்டின் முகம் கருகி, ஊசல் நின்றிருந்தது. கறுப்பு கொப்பளித்து உரிந்த இடத்தில் மரம் தெரிந்தது.

“நீங்கள்தானே கல்லெண்டு சொன்னனீங்கள்...” யசிந்தா உருகிய மெழுகைச் சுரண்டத் தொடங்கினாள்.

முதலில் வந்த அயல்வீட்டுச் செந்தில்நாதன் வாசலிலேயே மூக்கை உறிஞ்சினார். “என்ன கொட்பிறி, வேதக்கார வீட்டில கற்பூரம் மணக்குது?”

“மரந்தான்,” என்றார் கொட்பிறி. “அவன் சொன்னதுதான் சரி.”

செந்தில்நாதனுக்கு விளங்கவில்லை. சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஒரு கதிரையில் அமர்ந்தார். கொட்பிறி எவரையும் பார்க்காமல் அதையே திரும்பவும் சொன்னார்.