ஆவூகா என்றொரு பெயர்

அறுபதுகளின் தொடக்கம். கோடைக்கானல் நாயுடுபுரத்தில் குடியிருந்தோம். சீசன் வந்தால் முன்னறையை வாடகைக்கு விடுவோம். அந்தச் சித்திரையில் மொரீஷியஸ் தீவிலிருந்து ஒருவர் வந்து தங்கினார். நிறம், முகம் எல்லாம் நம்மைப் போலத்தான். தமிழ் மட்டும் பத்து வார்த்தைக்கு மேல் வராது. மிஷன் பள்ளியில் எட்டாவது வரை படித்த என் ஆங்கிலத்துக்கு அன்றுதான் வேலை வந்தது.

அவர் கையில் ஒரு காகிதம். நூறு வருடத்துக்கு முன் கைக்குழந்தையோடு கப்பலேறிப்போன அவருடைய கொள்ளுப்பாட்டியைப் பற்றித் துறைமுகத்தில் எழுதி வைத்திருந்த பதிவின் நகல். ஊர், எங்கள் மலையிலேயே இருக்கும் அடுக்கம். குழந்தையின் தகப்பன் பெயர், ஆங்கில எழுத்தில் ‘ஆவூகா’. பிறகு அதுவே அவர்கள் குடும்பப் பெயராகிவிட்டதாம். அந்த மனிதர் யார், எந்த வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தால் போதும் என்றார்.

மூன்று நாள் அடுக்கத்தில் வீடு வீடாகக் கேட்டுவிட்டுத் திரும்பினார். கால் கொப்புளம்தான் மிச்சம். அப்படியொரு பெயரை அங்கே யாரும் கேள்விப்பட்டதில்லை. சாமி பெயரா, பட்டப் பெயரா என்று நானும் மண்டையை உடைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை கடைத்தெரு பாய் வாசலில் வந்து நின்று, “எங்கேம்மா வீட்டுக்காரரு?” என்று கேட்டார்.

“அவுக சோலியா வத்தலக்குண்டு போயிருக்காக. வெரசா வந்துருவாக” என்றேன்.

முன்னறையில் நாற்காலி உருளும் சத்தம். விருந்தாளி காகிதத்தோடு ஓடி வந்தார். “ஆவூகா! எங்கே? எங்கே இருக்கார்?”

சிரிக்கத்தான் வாயெடுத்தேன். காகிதத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. துறைமுகத்தில் எழுதுகிறவன் குழந்தையின் தகப்பன் பெயரைக் கேட்டிருக்கிறான். புருஷன் பெயரைச் சொல்லக் கூசி, அந்தப் பெண் “அவுக...” என்று இழுத்திருக்கிறாள். அவன் அதையே பெயராக எழுதிவிட்டான்.

கடல் தாண்டி வந்தவரிடம் அது பெயரே இல்லை என்று எப்படிச் சொல்வது? தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் சொல்லி முடித்தேன்.

“அப்போ, அவர் பேர்?” என்றார்.

“தெரியாதுங்க. உங்க கொள்ளுப்பாட்டி சொல்லாமலே போயிட்டாக.”

காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு, “உங்க வீட்டுக்காரர் பேர்?” என்று கேட்டார். வாயைத் திறந்தேன். இவ்வளவும் தெரிந்த பிறகும் அந்தப் பெயர் என் நாக்கில் வரவில்லை. பாய்தான் சொன்னார். வெட்கமாகப் போய்விட்டது எனக்கு. விருந்தாளியோ என்னைக் கோபிக்கவில்லை; தன் கொள்ளுப்பாட்டியையே நேரில் கண்டதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வருடம் மகளைப் பள்ளியில் சேர்க்கப் போனேன். தகப்பனார் பெயர் என்ன என்று கேட்டார்கள். நானே உரக்கச் சொன்னேன்.

இப்போது என் வீட்டுக்காரர் இல்லை. பேரப்பிள்ளைகளிடம் அவர் பெயரைச் சொல்லும் ஒவ்வொரு முறையும், அடுக்கத்திலிருந்து குழந்தையோடு இறங்கிப் போனவள் நெஞ்சோடு வைத்துக்கொண்ட அந்தப் பெயர் என்னவாக இருந்திருக்கும் என்று மனம் ஏங்கிப்போகிறது.