புண்ணிய காலத்தில் நின்ற ப்ளோவர்

சித்திரைப் புத்தாண்டு லீவு முடிந்து குண்டசாலை பால் ஃபேக்டரிக்குத் திரும்பிய காலையில், கேட்டிலேயே அழுகிய முட்டை வாடை அடித்தது. கழிவுநீர் பிளான்டுக்குப் பொறுப்பாக இருந்தவள் நான். வாடை வந்தால் எல்லாரும் என்னைத்தான் பார்ப்பார்கள். பார்த்தார்கள்.

எங்கள் பிளான்டில் மந்திரம் ஒன்றுமில்லை. பால் டேங்குகளைக் கழுவிய தண்ணீரில் கொழுப்பும் சீனியும் இருக்கும். அவற்றைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக்கும் கிருமிகளை ஏரேஷன் டேங்கில் வளர்க்கிறோம். அவை மூச்சுவிட, ப்ளோவர் என்ற மெஷின் இரவு பகலாக அடியிலிருந்து காற்று ஊதும். நல்ல டேங்க் பால் ஊற்றாத தேத்தண்ணி நிறத்தில், ஈரமண் வாசத்தோடு இருக்கும். அன்று கன்னங்கரேலென்று கிடந்தது. ப்ளோவர் சத்தமே இல்லை.

லீவில் டியூட்டி பார்த்த எலக்ட்ரீஷியன் ராமையா அண்ணனைக் கூப்பிட்டேன். புசல்லாவைக்காரர். நெற்றி நிறையத் திருநீறோடு சிரித்துக்கொண்டே வந்தார்.

"ப்ளோவர யாருண்ணே நிப்பாட்டுனது?"

"நான்தான் மிஸ். வருஷம் பிறக்குற புண்ணிய காலத்துல வீட்டுல அடுப்பே எரிய விடமாட்டோம், மெஷின் ஓடலாமா? வேலை தொடங்குற சுபநேரம் இன்னிக்குத்தானே. இப்ப போடத்தான் வந்தேன்."

முகத்தில் அவ்வளவு திருப்தி. எனக்குக் கோபமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"புண்ணிய காலத்துல நீங்க மூச்ச நிப்பாட்டி வச்சிருந்தீங்களா?"

"அது எப்படி மிஸ்?"

"உள்ள இருக்கிறதுகளுக்கு இந்தக் காத்துதான் மூச்சு."

டேங்கை எட்டிப் பார்த்தவர், தலையில் கைவைத்து அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

லைசன் புதுப்பிக்க, சுற்றாடல் அதிகாரிகள் சாம்பிள் எடுக்க வரவிருந்த நேரம் அது. சாம்பிள் தவறினால் ஃபேக்டரிக்குப் பூட்டு, நாங்கள் எல்லாரும் வேலையிழந்து வீட்டுக்கு. மேனேஜர் ஓடி வந்தார்.

"ஏதாவது கெமிக்கல் போட்டு சரிபண்ண ஏலாதா மிஸ்?"

"செத்தத கெமிக்கல் எழுப்பாது சார். உயிரோட இருக்கிறத கொண்டாந்து ஊத்தணும்."

தயிருக்கு உறை ஊற்றுவது போலத்தான். திகனைப் பக்கம் இன்னொரு பால் கம்பெனி, கடைகளில் எங்களோடு தினமும் மல்லுக்கட்டுவது. அவர்கள் பிளான்டில் ஸ்லஜ், அதாவது கிருமிகள் வாழும் அந்தச் சேறு, கேட்டேன். மறுபேச்சில்லாமல் ஒரு பவுசர் லொறி நிறைய அனுப்பினார்கள். எங்கள் தொழிலில் ஸ்லஜ் கேட்டால் யாரும் தர மறுப்பதில்லை.

உற்பத்தியைக் குறைத்து, கழிவில் தண்ணீர் கலந்து கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம். ராமையா அண்ணன் ப்ளோவரை விட்டு நகரவில்லை. தேத்தண்ணிகூட அங்கேதான். "இன்னிக்குப் பசி எப்படி மிஸ், நல்லா சாப்பிடுதுங்களா?" என்பார். மெல்ல மெல்லக் கறுப்பு மாறிப் பழுப்பு வந்தது. ஒருநாள் கண்ணாடிச் சிலிண்டரில் அள்ளி வைத்த தண்ணீரில் சேறு அடியில் படிந்து, மேலே தெளிந்து நின்றது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

சாம்பிள் பாஸானது.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: 'நிறுத்தாதே' என்று போர்டு எழுதி மாட்டினால் போதாது. ஏன் என்று கூட வேலை செய்கிறவர்களுக்குச் சொல்லுங்கள். மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். அடுத்த புத்தாண்டுக்கு முன், ப்ளோவரை ஓடவிடச் சொன்னால் ராமையா அண்ணன் மனம் கோணுமோ என்று மேனேஜர் தயங்கித் தயங்கிப் பேச்செடுத்தார். அண்ணன் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"புண்ணிய காலத்துல ஒரு வேலையும் செய்யக்கூடாது சார். ஓடுறத நிப்பாட்டுறதும் ஒரு வேலைதானே?"