கட்டிலுக்கு எதிரே மாட்டிய ஏடு

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இன்று அமெரிக்காவில், ரிச்சர்ட்சனில் பழைய லத்தீன் ஏடுகளை ஆராயும் மாணவி. அந்தப் பெருமை எனக்கு நிறையவே உண்டு. அதனால்தான் பக்கத்து அப்பார்ட்மென்ட் அங்கிள் கூப்பிட்டதும் ஓடினேன்.

கேன்சரில் படுத்திருந்த ஆன்ட்டியின் கட்டிலுக்கு எதிரே, பழைய லத்தீன் ஜெபப் புத்தகத்திலிருந்து கிழித்த தோல் ஏடு ஒன்றை ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்தார். முதல் எழுத்தில் தங்கப் பூச்சு, ஓரமெல்லாம் நீலப் பூக்கள்.

"ஒரு வீட்டுப் பழைய சாமானெல்லாம் வித்த எஸ்டேட் சேல்ல வாங்கினேம்மா. சுகம் கிடைக்கிற ஜெபமாத்தான் இருக்கும். படிச்சுப் பாரு, காபி எடுத்துட்டு வரேன்."

எதற்கான ஜெபம் என்பதைச் சிவப்பு மையில் தலைப்பாக எழுதுவது அக்கால வழக்கம். படித்தேன். இறந்தவர்களுக்கான ஜெபம்.

"செத்தவங்களுக்குத்தானே?" என்றார் ஆன்ட்டி மெதுவாக. "பூவுக்கு நடுவுல குட்டியா ஒரு மண்டையோடு இருக்கு பாரு. படுத்துக்கிட்டே தினம் அதைத்தான் பார்க்கிறேன். அவர்கிட்ட சொல்லிடாதம்மா. அதுக்கு முன்னாடிதான் முட்டி போடுறார்."

அங்கிள் காபியோடு வந்தார். "என்னம்மா போட்டிருக்கு?"

"சுகம் கிடைக்கணும்னுதான், அங்கிள்."

ஆன்ட்டியின் அடக்கத்தன்று அங்கிள் அந்த ஃப்ரேமை என்னிடம் நீட்டினார். "அவளுக்குப் பிடிச்ச ஜெபம். வாசிம்மா."

லத்தீனிலேயே வாசித்தேன். ஒருவர் முகமும் மாறவில்லை. அங்கே அது புரிந்தவள் நான் ஒருத்திதான். படித்ததற்காக நான் பெருமைப்படாத நாள் அது ஒன்றுதான்.