மாட்டின் மேல் யார் உட்காருவது?

நாற்காலியை மிருகமாகச் செய்கிறவனை ஆசாரி என்றும் சொல்ல மாட்டார்கள், சிற்பி என்றும் சொல்ல மாட்டார்கள். பசறை வீதியில் இருக்கும் என் பட்டறைக்கு வருகிறவர்கள் சுற்றிப் பார்ப்பார்கள், படம் எடுப்பார்கள், நின்றபடியே போய்விடுவார்கள். மனைவி இறந்துவிட்டாள், மகள் கொழும்பில். யாராவது உட்கார்ந்து நாலு வார்த்தை பேசமாட்டார்களா என்றிருக்கும். தனியாகக் கடை திறந்து வைத்திருப்பவர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

மாடு

நமுனுகுலத் தோட்டத்துக் குடும்பம் ஒன்று, படுத்த மாடு வடிவில் நான் செய்த பலாமரப் பெஞ்சை ஆசையாக வாங்கிப் போனது. கால் ஒன்று ஆடுகிறது என்று சொல்லியனுப்பினார்கள். சரி செய்யப் போனேன். அவர்கள் குடியிருக்கும் லயத்து வீட்டு வாசலில் மாட்டின் நெற்றியில் விபூதி, குங்குமம், காதோரம் செம்பரத்தம்பூ.

காலை இறுக்கி முடித்து, பழக்கதோஷத்தில் அதன் மேல் உட்காரப் போனேன். வீட்டுக்கார அம்மா பதறிப் போய்க் கையைப் பிடித்தார். “ஐயோ, நந்தி மேல உக்காருவாங்களா? இந்தாங்க, பிளாஸ்டிக் கதிரையில உக்காருங்க!”

மான்

பதுளையில் புடவைக்கடை வைத்திருக்கும் ஹாஜியார், மான் மாதிரி மெல்லிய கால்களோடு ஒரு கதிரை கேட்டார். கால் மட்டும்தான் கேட்டார். நான் உற்சாகத்தில் முழு மானையே செய்துவிட்டேன், சாய்மானத்துக்கு மேல் திரும்பிப் பார்க்கும் தலையோடு.

“தலையோட உருவம் ஊட்டுல வைக்க ஏலாதே, மாஸ்டர்” என்று சங்கடப்பட்டார். நானே மரமறுக்கும் வாளெடுத்துக் கழுத்தை அறுத்தேன். கதிரையை லொறியில் ஏற்றிவிட்டு, மேசையில் கிடந்த தலையைப் பார்த்துச் சொன்னார்: “அத நீங்களே வெச்சிக்கோங்க. தனியாத்தானே ஈக்கிறீங்க, துணைக்கு ஈக்கட்டும்.”

யானை

போன ஐப்பசியில் நல்ல மழை. கொழுந்து பறிக்கும் பெண் ஒருத்தி பஸ்ஸைத் தவறவிட்டு என் பட்டறைக்குள் ஓடிவந்தாள். ஈரப் பையை யானைப் பெஞ்சின் தலையில் வைத்தாள், முதுகில் உட்கார்ந்தாள். என்னால் நம்ப முடியவில்லை. தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். முழங்கால் வலியைச் சொன்னாள். மொனராகலையில் இருக்கும் மகன் போன் எடுப்பதில்லை என்றாள். என் மகளும் அப்படித்தான் என்றேன். மழை விடக் கூடாது என்று வேண்டிக்கொண்டேன்.

அடுத்த பஸ் ஹோர்ன் அடித்தது. எழுந்தவளிடம், “யானை வசதியா இருந்திச்சா?” என்று கேட்டேன்.

“யானையா? எங்கங்க? நான் ஏதோ கட்டைன்னுல்ல நெனச்சேன்! வாறேங்க.”

அன்றிலிருந்து நான் உளியைவிட மழையைத்தான் அதிகம் நம்புகிறேன்.